கணவர் உயிருடன் இருக்கிறாரா? ஆம் / இல்லை: நிரலாளர்களுக்கு அளவையியல் வேண்டுமா?

நானாட்டானில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவர் கோடிங் படித்தவர். உயர்தரம் முடித்துவிட்டு, இணையவழியில் இலவசமாகக் கிடைத்த பாடநெறி ஒன்றில் சான்றிதழ் எடுத்தார். இப்போது கொழும்பிலுள்ள சிறிய நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே இணையத்தளங்கள் செய்துகொடுக்கிறார். கடந்த மாரியில் மாதர் சங்கம் ஒன்று அவரிடம் ஒரு வேலை கேட்டது. சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய் நிரப்பிய படிவங்கள் ஏற்கனவே கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. அதிலிருந்து பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பட்டியலைப் பிரித்தெடுக்க வேண்டும். கோழி வளர்ப்புக்கு உதவி கேட்டு எழுதும் விண்ணப்பத்தோடு அந்தப் பட்டியலை இணைக்க வேண்டும். விண்ணப்பத்தை எழுதும் வேலை என்னுடையது.

பத்து நிமிட வேலை என்றுதான் தம்பி சொன்னார். படிவத்தில் ‘கணவர் உயிருடன் இருக்கிறாரா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. பதில் ‘ஆம்’ என்றுள்ளவர்களை ஒரு பட்டியலில் எடுத்தார். ‘ஆம்’ என்று இல்லாதவர்களை இன்னொரு பட்டியலில் எடுத்தார். வேலை முடிந்தது. சும்மா ஒரு சரிபார்ப்புக்காக இரண்டு பட்டியலிலும் உள்ள ஆட்களைக் கூட்டியபோது, மொத்தப் படிவங்களைவிட எட்டுப் பேர் குறைந்தார்கள்.

“அக்கா, கணக்கு இடிக்குது. ஒண்டில் ‘ஆம்’ ஆக இருக்க வேணும், இல்லையெண்டால் ‘ஆம்’ இல்லாததாக இருக்க வேணும். மூண்டாவதாக ஒண்டு எப்படி வரும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சாதாரண கேள்வியல்ல. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக அளவையியலாளர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் கேள்வி அது. எட்டுப் பேரும் எங்கே போனார்கள் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முதல், அந்தச் சம்பவம் எனக்குள் கிளப்பிய விடயத்தைச் சொல்ல வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு பூலியன் தர்க்கத்தில் முறையான பயிற்சி தேவையா, அல்லது வேலை செய்யச் செய்யப் பிடிபட்டுவிடுமா?

இந்தத் துறையில் இருக்கும் நண்பர்கள் நான்கைந்து பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரைத் தவிர எல்லோரும் தேவையில்லை என்றார்கள். ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ என்று மூன்றே மூன்று குறிகள்தான், ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம், மீதியை அனுபவம் சொல்லித்தரும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஜோர்ஜ் பூல் என்ற மனிதரே அப்படித்தான் படித்தார். 1815இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த பூல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. கணிதத்தைத் தானாகவே கற்றார். 1849இல் அயர்லாந்தின் கோர்க் நகரிலிருந்த கல்லூரியில் பேராசிரியரானார். சிந்தனையின் விதிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1854இல் வந்தது. அவர் பெயரில் இருக்கும் தர்க்கத்துக்கே அவரிடம் சான்றிதழ் இல்லை.

மறுபக்கத்தில் நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இருக்கிறார். முதலாம் வருட மாணவர்களைக் கணினியின் பக்கமே விடக்கூடாது, முதலில் நிரலைத் தாளில் எழுதி அது சரியென்று தர்க்கத்தால் நிறுவப் பழக்க வேண்டும் என்று 1988இல் எழுதினார். அவருடைய கட்டுரையைப் படிக்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் மூன்று நாளில் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலையோடு இருக்கும் பிள்ளையிடம் போய் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எங்கள் நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு விசித்திரமான பதில் ஏற்கனவே இருக்கிறது. நாம் பூலியன் தர்க்கத்தைக் கற்பிக்காமல் இல்லை. இரண்டு இடங்களில் கற்பிக்கிறோம், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

படலையும் கரும்பலகையும்

முதலாவது இடம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம். சாதாரண தரத்திலேயே தர்க்கப் படலைகள் வந்துவிடுகின்றன. ‘லொஜிக் கேட்’ என்பதற்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் அது. எனக்கு அந்த மொழிபெயர்ப்பு மிகவும் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் படலை என்றால் வேலியில் வைக்கும் கதவு. மேலே ஒரு கொளுக்கி, கீழே ஒரு கொளுக்கி போட்ட படலை இரண்டும் கழன்றால்தான் திறக்கும். அது ‘உம்’ படலை. முன்னுக்கு ஒரு படலையும் பின்னுக்கு ஒரு படலையும் உள்ள வளவுக்குள், ஏதாவது ஒன்று திறந்திருந்தாலே ஆடு புகுந்துவிடும். அது ‘அல்லது’ படலை. வேலியோடு வளர்ந்த பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. படலைகளின் குறியீடுகளைக் கீறப் பழக்குகிறோம். உயர்தரத்தில் டி மோர்கனின் விதிகள், கார்னோ வரைபடம், கூட்டிச் சுற்றுகள் என்று போகிறது. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பிள்ளைகள் புள்ளி எடுக்கிறார்கள். அதே பாடத்திட்டத்தில் வேறோர் அலகில் பைதன் மொழி வருகிறது. அங்கே ‘இப்படியென்றால் இதைச் செய்’ என்று எழுதும் வரி, முன்னர் கீறிய படலையின் இன்னொரு வடிவம்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் தம்பியிடம் கேட்டேன். கார்னோ வரைபடம் நினைவிருக்கிறதா என்றால் சிரித்தார். சோதனை எழுதின அன்றைக்கே மறந்துவிட்டதாம். படித்த இலவசப் பாடநெறியில் தர்க்கத்துக்கென்று தனியாக எதுவும் இருக்கவில்லை என்றார்.

இரண்டாவது இடம் கலைப்பிரிவு. உயர்தரத்தில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்றொரு பாடம் இருக்கிறது. நான் படித்தது அதைத்தான். பின்னர் ஊடகக் கற்கைகளில் பட்டம் எடுத்தபோது அந்தப் பாடத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ‘பாஸ் எடுக்க லேசான பாடம்’ என்ற பெயர் அதற்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. நான் படித்த பாடசாலையில் அப்போது கணினி அறை என்று ஒன்று பூட்டிக் கிடந்தது. கரும்பலகை திறந்தே இருந்தது. எங்கள் சேர் அதில் கோடு போட்டு உண்மை அட்டவணை எழுதுவார். இரண்டு எடுப்பு என்றால் நாலு வரிசை, மூன்று என்றால் எட்டு, நாலு என்றால் பதினாறு. “ஒரு வரிசையையும் விடாதீங்க. விட்ட வரிசையிலதான் பிழை ஒளிச்சிருக்கும்” என்பது அவருடைய பல்லவி. பதினாறு வரிசையும் எழுதிக் கை நோகும். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதியதும் உண்டு.

அளவை என்ற சொல் தமிழுக்குப் புதிதல்ல. மணிமேகலையிலேயே அளவைகளைப் பற்றி விரிவான காதைகள் இருக்கின்றன. பூலியன் தர்க்கத்துக்கும் எங்களுக்கும் இன்னும் ஒரு தொடுப்பு உண்டு. இன்று உலகமெங்கும் கணினி மாணவர்கள் படிக்கும் இரண்டு விதிகளுக்குப் பெயர் கொடுத்த அகஸ்டஸ் டி மோர்கன் 1806இல் மதுரையில் பிறந்தவர். தகப்பன் கிழக்கிந்தியக் கம்பனியில் இருந்தார். குழந்தைக்கு ஒரு வயது ஆகுமுன்பே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. ஆகவே மதுரை அவருக்குத் தர்க்கம் சொல்லிக்கொடுத்தது என்று பெருமை பேச முடியாது.

கலைப்பிரிவுப் பாடம்தானே என்று தள்ளுகிறவர்களுக்கு குளோட் ஷனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1937இல் எம்.ஐ.டி.யில் அவர் எழுதிய முதுமாணி ஆய்வேடுதான், மின்சுற்றுகளின் ஆளிகளைப் பூலின் இயற்கணிதத்தால் விளக்கலாம் என்று காட்டியது. இன்றைய கணினிகளின் அடித்தளம் அது. ஷனனுக்கு பூல் அறிமுகமானது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பொறியியல் வகுப்பில் அல்ல, மெய்யியல் வகுப்பு ஒன்றில்.

‘காணியும் வாகனமும் இல்லாதவர்கள்’

இனி, பயிற்சி எங்கே தேவைப்படுகிறது என்று பார்ப்போம். தனியாக ஒரு விளையாட்டுச் செயலி செய்கிறவருக்கு இது பெரிய பிரச்சினையல்ல. நிபந்தனை பிழைத்தால் பந்து சுவருக்குள்ளால் போகும், கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். ஆட்களைத் தெரிவுசெய்யும் நிரலில் அப்படியல்ல. விடுபட்டவர் திரையில் தெரியமாட்டார். அவர் விடுபட்டது அவருக்கே தெரிய மாதங்கள் ஆகும்.

ஓர் உதாரணம் எடுப்போம். ‘காணியும் வாகனமும் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று ஓர் அறிவித்தல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளையும் அரை ஏக்கர் வயல் ஒருவருக்கு இருக்கிறது. சைக்கிள்கூடக் கிடையாது. அவர் விண்ணப்பிக்கலாமா? ‘காணியும் இல்லை, வாகனமும் இல்லை’ என்று வாசித்தால் முடியாது. ‘இரண்டும் ஒருங்கே இல்லை’ என்று வாசித்தால் முடியும். இரண்டு வாசிப்பும் தமிழுக்குச் சரிதான். ‘எல்லோரும் வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால் ஒருவருமே வரவில்லையா, அல்லது சிலர் மட்டும் வரவில்லையா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம் அல்லவா, அதே வில்லங்கம்தான்.

பேச்சில் திருப்பிக் கேட்கலாம். கணினி திருப்பிக் கேட்காது. நிரலாளர் ஏதோ ஒரு வாசிப்பை எடுத்து எழுதிவிடுவார். ‘உம்’முக்கு முன்னால் ‘இல்லை’யைப் போட்டால் அது உள்ளே போகும்போது ‘அல்லது’ ஆக மாறிவிடும் என்பதுதான் மதுரையில் பிறந்தவரின் விதி. அதைச் சோதனைக்கு மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். ஓர் அறிவித்தலைப் படிக்கும்போது அந்த விதி மனதில் வருகிறவர்கள் குறைவு. எங்கள் அரச படிவங்களில் பல வேறு மொழியில் எழுதப்பட்டுத் தமிழுக்கு வருபவை. நிரல் இன்னொரு மொழியில் எழுதப்படுகிறது. படிவத்தை நிரப்பும் கிராம அலுவலர் ஒரு வாசிப்போடும், நிரல் எழுதியவர் இன்னொரு வாசிப்போடும் இருந்தால், நடுவில் நிற்கும் அரை ஏக்கர்க்காரருக்குக் காரணமே சொல்லப்படாது. நாலே நாலு வரிசை அட்டவணை ஒன்றை எழுதி, அவருடைய வரிசைக்கு என்ன பதில் என்று அறிவித்தல் எழுதியவரிடம் கேட்டிருந்தால் போதும்.

அஸ்வெசும நினைவிருக்கிறதா? சமுர்த்திக்குப் பதிலாக வந்த அந்த நலன்புரித் திட்டத்துக்கான தெரிவு அளவுகோல்கள் 2022 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தன. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துகள், வீட்டு நிலைமை, குடும்ப விபரம் என்ற ஆறு பிரிவுகளுக்குள் 22 குறிகாட்டிகள். சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 2023இல் முதல் பட்டியல் வெளியானபோது 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. பிரதேச செயலகங்களின் வாசலில் நின்ற வரிசைகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மிக வறியவர் என்று வகைப்படுத்தப்பட்ட குடும்பத்துக்கு அப்போது மாதம் 15,000 ரூபா, நிலைமாறும் நிலையிலுள்ளவர் என்று வகைப்படுத்தப்பட்டால் 2,500 ரூபா. ஒரு பதில் மாறினால் எவ்வளவு மாறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழப்பத்துக்கெல்லாம் நிரலாளர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. கணக்கெடுப்பு அவசரமாக நடந்தது, அளவுகோல்களே சர்ச்சைக்குரியவையாக இருந்தன, வறுமையைப் புள்ளி போட்டு அளக்கலாமா என்ற பெரிய கேள்வியும் இருக்கிறது. அந்த முறை வெறும் ஆம்-இல்லைக் கணக்கும் அல்ல. குறிகாட்டிகளுக்கு நிறை கொடுத்துக் கூட்டும் புள்ளிக் கணக்கு. ஆனாலும் கூட்டலுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கேட்கப்பட்டவற்றில் பல, இருக்கிறதா இல்லையா என்ற கேள்விகள்தான். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாத காணியில் குடியிருக்கும் குடும்பத்திடம் ‘சொந்தக் காணி உண்டா?’ என்று கேட்டால் என்ன பதில்? மன்னார் மாவட்டத்தில் அப்படியான குடும்பங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தியாவின் தெலங்கானாவில் நடந்தது இன்னும் தெளிவான பாடம். ‘சமக்ர வேதிகா’ என்ற மென்பொருள் பல திணைக்களங்களின் தரவுகளை இணைத்து, பெயரும் முகவரியும் ஒத்துவருகிறவர்களை ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது. கார் வைத்திருக்கும் யாரோ ஒருவரின் பெயரோடு ஏழை ஒருவரின் பெயர் ஒத்துப்போனால், ஏழைக்கும் கார் வந்துவிடும். பங்கீட்டு அட்டை போய்விடும். கடைசியில் 2022இல் இந்திய உச்ச நீதிமன்றம், நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் போய்ச் சரிபார்க்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. ‘இருவரும் ஒருவராக இருக்கலாம்’ என்பது ‘இருவரும் ஒருவரே’ ஆகிவிட்டது. ‘இருக்கலாம்’ என்பதை ‘ஆம்’ என்ற பெட்டிக்குள் அமுக்கிய இடத்தில்தான் பிழை.

எட்டுப் பேர்

இப்போது எங்கள் தம்பியின் எட்டுப் பேருக்கு வருவோம்.

தரவுத்தளங்களோடு பேசும் எஸ்.கியூ.எல். மொழியில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அதற்கு ‘நல்’ என்று பெயர். அது பூச்சியமும் அல்ல, ‘இல்லை’யும் அல்ல. ‘தெரியாது’ என்று பொருள். வெறுமையாக இருப்பது ‘ஆம்’ தானா என்று கேட்டால் பதில் ‘தெரியாது’. ‘ஆம்’ அல்லாததா என்று கேட்டாலும் பதில் ‘தெரியாது’. உறுதியாக உண்மையானவற்றை மட்டுமே அந்த மொழி எடுத்துத் தரும் என்பதால், வெறுமையானவர் இரண்டு பட்டியலிலும் வரமாட்டார். எந்த எச்சரிக்கையும் வராது. சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தியும் வராது. அன்றைக்குத் தம்பி கூட்டிப் பார்த்திருக்காவிட்டால், எட்டுப் பேர் இல்லாமலேயே விண்ணப்பம் போயிருக்கும். நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மூன்றாவது பெறுமானம் என்ற எண்ணம் புதிதல்ல. போலந்து அளவையியலாளர் லூகாசியேவிச் 1920இலேயே உண்மை, பொய் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதொன்றை வைத்துத் தர்க்கம் அமைத்தார். தம்பிக்குப் படிப்பித்த பாடநெறியில் தரவுத்தளம் இருந்தது, ‘நல்’ என்ற சொல்லும் இருந்ததாம். அது தர்க்கத்தையே மாற்றிவிடும் என்பது மட்டும் இருக்கவில்லை.

கட்டங்கள் ஏன் வெறுமையாக இருந்தன? படிவம் நிரப்பிய பெண்களிடம் கேட்டோம். அவர்களுக்கு எங்களைப் போல யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “அவவிட்ட போய் உயிரோட இருக்கிறாரா எண்டு எப்படிக் கேக்கிறது? கேட்டாலும் என்ன சொல்லுவா?” என்றார் ஒருவர். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் காணாமற்போன கணவரைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. ‘ஆம்’ என்று எழுதினால் அவர் எங்கே என்று கேட்பார்கள். ‘இல்லை’ என்று எழுத அந்தப் பெண்ணுக்கு மனம் வராது. கட்டத்தை வெறுமையாக விட்டது கவனயீனத்தால் அல்ல, மரியாதையால்.

இந்த நாட்டின் சட்டமே ஒருகாலத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட இடம் தரவில்லை. காணாமற்போனவர் விடயத்தில் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது மரணச் சான்றிதழ்தான். 2010இல் வந்த தற்காலிக ஏற்பாடுகள் சட்டமும் மரணத்தைப் பதிவதற்கான வழியைத்தான் சொன்னது. வங்கிக் கணக்கு, காணி, பிள்ளைகளின் ஆவணங்கள் என்று எதைத் தொடப்போனாலும் ‘இறந்துவிட்டார்’ என்று கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. எத்தனையோ பெண்கள் கையெழுத்திட மறுத்தார்கள். அந்தச் சட்டத்தைத் திருத்தி வந்த 2016இன் 16ஆம் இலக்கச் சட்டம்தான், இறந்தார் என்று சொல்லாமல் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு நாடு மூன்றாவது பெறுமானம் ஒன்றைச் சட்டமாக எழுதியது என்று இதைப் பார்க்கலாம். அதனால் உறவுகளின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதிக்கு வந்த தாய்மார் கேட்டது சான்றிதழை அல்ல, பிள்ளைகளை. அது வேறு கட்டுரை. இங்கே சொல்ல வருவது, சட்டம் ஏற்றுக்கொண்ட மூன்றாவது நிலையைப் பெரும்பாலான படிவங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். ஆம், இல்லை என்று உலகத்தை இரண்டாகப் பிளப்பதே பூலியன் தர்க்கம். அந்தப் பெண்களை இல்லாமற் செய்தது அதுதானே, மருந்தென்று அதையே நீட்டலாமா? நானும் இதைக் கொஞ்சநாள் யோசித்தேன். என்னுடைய முடிவு இது: இரண்டு பெறுமானத் தர்க்கத்தை ஒழுங்காகப் படித்தவருக்குத்தான் அதன் வேலி எங்கே முடிகிறது என்று தெரியும். எல்லா வரிசைகளையும் எழுதிப் பழகியவர், ‘இந்த ஆளை எந்த வரிசையில் போடுவது?’ என்ற இடத்தில் பேனையை நிறுத்துவார். அரைகுறையாகக் கேட்டுப் பழகியவருக்கு அந்தத் தடக்கலே வராது. வேலியைப் பார்க்காதவருக்குப் பொட்டும் தெரியாது.

அதனால் எல்லா நிரலாளர்களும் ஒரு பருவம் முழுவதும் குறியீட்டுத் தர்க்கம் படிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கார்னோ வரைபடம் தெரியாமல் நல்ல மென்பொருள் எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் ஆட்களின் உரித்தைத் தீர்மானிக்கும் நிரலை எழுதுகிறவருக்கு மூன்று விடயம் கைப்பழக்கமாக வேண்டும். உண்மை அட்டவணையை விடுபடாமல் எழுதுவது ஒன்று. ‘இல்லை’ என்பது ‘உம்’மோடும் ‘அல்லது’வோடும் சேர்ந்தால் என்னவாகும் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. வெறுமைக்கும் ‘இல்லை’க்கும் வேறுபாடு காண்பது மூன்றாவது. இதற்கு ஒரு கிழமை போதும், சோதனைத் தாளுக்குப் பதில் உண்மையான படிவங்களை வைத்துப் படிப்பித்தால். அந்த ஒரு கிழமையை யாராவது ஒருவர் முறையாகப் படிப்பிக்க வேண்டும். தானாக வராது என்பதற்கு எங்கள் தம்பியே சாட்சி. அவர் கெட்டிக்காரர், மூன்று வருடமாக இதே வேலைதான் செய்கிறார்.

அந்த ஒரு கிழமையைப் படிப்பிக்கக்கூடியவர்கள் எங்கள் பாடசாலைகளிலேயே இருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் தகவல் தொழினுட்ப ஆசிரியர் படலை கீறிக்கொண்டிருப்பார், கீழே அளவையியல் ஆசிரியர் அதே அட்டவணையை எழுதிக்கொண்டிருப்பார். இருவரும் ஓய்வறையில் தேநீர் குடிக்கும்போது பேசிக்கொள்வது இடமாற்றத்தைப் பற்றி.

இப்போதெல்லாம் நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுகிறதே என்று கேட்கலாம். தம்பியும் சட்ஜிபிடியிடம் கேட்டுத்தான் அந்த இரண்டு வரியையும் எழுதினாராம். அவர் கேட்டதை அது பிழையில்லாமல் எழுதிக்கொடுத்தது. வெறுமையான கட்டங்கள் இருக்கின்றன என்று அவர் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. எழுதும் வேலை குறையக் குறைய, எழுதப்பட்டதை வாசித்து ‘இது யாரை விட்டுவிட்டது?’ என்று கேட்கும் வேலைதான் மிஞ்சும். 2025 பெப்ரவரியில் அரச கொடுப்பனவுகளுக்கான ‘கவ்பே’ தொடங்கியது. டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலைகள் இந்திய உதவியோடு நடக்கின்றன. அடுத்த சில வருடங்களில் எங்கள் ஊர்க்காரர் அரசாங்கத்தோடு வைத்திருக்கும் பெரும்பாலான கொடுக்கல் வாங்கல், யாரோ எழுதிய நிபந்தனை வரிகளுக்கு ஊடாகத்தான் போகும். அந்த வரிகளை எழுதுகிறவர் நானாட்டானைக் கண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. வெறுமையான கட்டம் ஒன்றைக் கண்டால் நின்று கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம்.

வெறுமையான கட்டங்களை மட்டும் எடுக்கும் வரியை அன்றிரவே தம்பி எழுதினார். எட்டுப் பெயரும் வந்தன. அதில் ஆறு பேர்தான் காணாமற்போனோரின் மனைவிமார். மற்ற இரண்டு படிவங்களில் மழையில் நனைந்து மை கலைந்திருந்ததால், கணினியில் ஏற்றியவர் வாசிக்க முடியாமல் விட்டிருக்கிறார். வெறுமை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று வெறுமையைப் பார்த்துச் சொல்ல முடியாதே. அடுத்த நாள் அவர் மோட்டார் சைக்கிளில் அந்த இரண்டு வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒருவருடைய கணவர் வயலில் நின்றாராம்.

படிவத்தை மாற்றுவதற்குச் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டோடும் மூன்றாவதாக ஒரு பெட்டி போடுவதில் எல்லோருக்கும் சம்மதம். அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. ‘தெரியாது’ என்று போடலாம் என்றார் தம்பி. ஆறு பேரில் ஒருவரான அம்மா மறுத்தார். “எனக்குத் தெரியாது எண்டில்லை. அவையளுக்குத் தெரியும், சொல்லுறாங்க இல்லை” என்றார். கடைசியில் ‘காணாமல் ஆக்கப்பட்டார்’ என்றே எழுதினோம். தரவுத்தளத்தில் அந்தப் பெட்டிக்குத் தம்பி கொடுத்த எண் 3. ‘கேட்கவில்லை’ என்பதற்குத் தனியாக 9 வைத்திருக்கிறார்.